இறக்கக் கூடாத சைக்கிள் சீட்

எங்கள் தாமான் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிந்தும் விடியாமலும் இருபது பேர் சைக்கிளில் கிளம்புகிறார்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகள். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை. ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து என் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே ஒருவர் முட்டி வலி என்பார், ஒருவர் இடுப்பு வலி என்பார், ஒருவர் சொல்ல முடியாத இடத்தில் வலி என்பார். அவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். போன மாதம் அவர் என்னிடம், "தாத்தா, நீங்க ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்து டிரெசரா சைக்கிள்லயே சுத்துனவர்தானே லா. செலவில்லாம சைக்கிளைச் சுகமா ஓட்டுறது எப்படின்னு நம்ம குழு மலருக்கு எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்.

நான் அவர் சைக்கிளைப் பார்த்தேன். சீட் அவர் காலுக்கு மூன்று விரல் அதிக உயரம். பெடலை மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுவதை முதல் நாளே கவனித்திருந்தேன். அதை இறக்குங்கள், வலி போய்விடும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கடைக்காரர் அளந்து வைத்துக் கொடுத்த உயரம், அதில் கை வைக்கக் கூடாது என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்குக் காலைப் பசியாறவே தோன்றவில்லை. அறுபது வருடத்துக்கு முன்னால் இதே பேச்சைக் கேட்டு நான் பட்டது போதாதா? அதனால்தான் எழுதுகிறேன். குழு மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

லிங்கி பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் ஜப்பான் சண்டை வருவதற்குச் சற்று முன்பு உதவி டிரெசராகச் சேர்ந்தேன். படிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலில் புண் வந்தவர்களுக்குக் கழுவிக் கட்டினேன், ஊசியைக் கொதிக்க வைத்தேன், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தவர்கள் காய்ச்சல் மருந்தை விழுங்கினார்களா என்று வாயைத் திறந்து பார்த்தேன். கட்டுப் போடத் தெரிந்த அன்றைக்கு நான் டிரெசர் ஆனேன்.

கட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தவர் பெரிய டிரெசர் தேவசகாயம் ஐயா. ஒல்லியான மனிதர், ஆஸ்துமாக்காரர். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் மூன்றில் இரண்டு பங்கை மூட வேண்டும், அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சுற்றச் சொல்வார். அவருடைய கட்டு ஒரு வாரம் ஆனாலும் நழுவாது. அப்படிப்பட்ட மனிதரிடம் வேலை கற்றது என் அதிர்ஷ்டம். அதே மனிதரிடம் இரண்டரை வருடம் ஒரு சைக்கிளுக்காக மல்லுக்கட்டியதும் என் தலையெழுத்துதான்.

ஜப்பான்காரன் நெருங்கி வந்தபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூர்ப் பக்கம் கிளம்பினார். கார் ஏறும் முன்பு ஆஸ்பத்திரிக்கு வந்து, எல்லாம் இருக்கிற மாதிரியே இருக்கட்டும், நான் திரும்பி வருவேன் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எந்தத் துரையும் போகும்போது சொல்கிற பேச்சுதான். ஐயா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். துரை ஆணியில் மாட்டிவிட்டுப் போன மழைக்கோட்டை வாரம் ஒரு தடவை வெயிலில் காய வைத்து அதே ஆணியில் மாட்டுவார். நாற்காலி நகர்ந்தால் பழைய இடத்துக்கு இழுத்து வைப்பார். சைக்கிளும் அந்தக் கணக்கில் வந்தது. சண்டைக்குச் சில வாரம் முன்பு ஆஸ்பத்திரிக்கென்று புதிதாக வந்த சைக்கிள் அது. துரை ஆறடிக்கு மேல். சீட் அவர் உயரத்துக்கு இருந்தது. நான் ஐந்தடி இரண்டு அங்குலம்.

தோட்டத்தில் மிஞ்சிய வண்டி அது ஒன்றுதான். லாரிகளை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான், மாடுகளும் போய்விட்டன. ஆட்கள் குடியிருந்த மூன்று லயத்துக்கும் மருந்து கொண்டுபோவது, சிரம்பான் ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடிக் காய்ச்சலுக்குக் கொயினா வாங்கி வருவது எல்லாம் என் வேலை. அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் பெடல் பாதிச் சுற்றுக்குத்தான் என் காலுக்கு எட்டும். மிச்சத்துக்கு இடுப்பைச் சாய்த்து, நுனிக்கால் விரலால் தேட வேண்டும். ஊரார் புண்ணையெல்லாம் கழுவிய நான், என் புண்ணை முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து நானே கழுவிக்கொண்டேன்.

சீட்டை இறக்கலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் சட்டம் ஒன்று வைத்திருந்தார். "கெட்டதைச் சரி பண்ணலாம். சரியா இருக்கிறதை மாத்தக் கூடாது" என்றார். திருகுச் சாவியை விஷ மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் எங்கேயாவது இரவல் சாவி வாங்கி இறக்கிவிடுவேனோ என்று சந்தேகம் வேறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்குல நாடாவைக் கொண்டுவந்து சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே அளப்பார். சரியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார்.

கெட்டதைச் சரி பண்ணலாம் என்ற அந்த அரை வாசல் வழியாக நான் செய்த வேலைகள் கொஞ்சமல்ல. பின் டியூப் கிழிந்து போயிற்று. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் ரப்பர் மரம், ஆனால் தோட்டம் முழுவதும் தேடினாலும் ஒரு டியூப் கிடையாது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? முதலில் லாலாங் புல்லை அடைத்தேன், இரண்டு நாளில் தூளாகிவிட்டது. தேங்காய் நாரை அடைத்தேன், முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போல் ஆகிவிட்டது. மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைத் திணித்தேன், கட்டி கட்டியாக உருண்டு சக்கரம் நொண்டியது. கடைசியில் ஒரு நாள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது புத்தி வந்தது. புகை போட்ட ரப்பர் ஷீட்டை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக அறுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் மூன்றில் இரண்டு பங்கை மூடும்படி ஒரு கயிற்றின் மேல் சுற்றி, டயருக்குள் வளையமாக வைத்தேன். கனம்தான். ஆனால் பஞ்சர் கிடையாது, குலுக்கலும் பாதிதான். ஐயா சக்கரத்தைச் சுழற்றி, ஸ்டெதஸ்கோப்பை அச்சின் மேல் வைத்துக் கேட்டார். "கட்டு நல்லா இருக்கு" என்றார். என் வாழ்நாளில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

சங்கிலிக்குச் செம்பனை எண்ணெய் போட்டுப் பார்த்தேன், மண்ணைச் சேர்த்துக்கொண்டு சேறாகிவிட்டது. தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்பக்கம் சுழற்றி, பிறகு பழைய துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் சங்கிலிக்கு உள்ளே இருந்தால் போதும், வெளியே தெரிந்தால் அது மண்ணுக்குப் போடும் விருந்து. பிரேக் கட்டை தேய்ந்ததும் பழைய டயரை வெட்டி வைத்தேன். இதெல்லாம் கெட்டதைச் சரி செய்தது, ஐயா தடுக்கவில்லை. சீட்டு மட்டும் துரையின் உயரத்திலேயே இருந்தது.

சிரம்பான் போகும் வழியில் ரந்தாவ் சாலையில் ஜப்பான் காவல்காரன் நிற்பான். அவன் முன்னால் இறங்கி, நின்று, குனிய வேண்டும். எனக்கோ கால் தரைக்கு எட்டாது. குதித்து, சைக்கிளோடு நாலு அடி ஓடித்தான் நிற்க முடியும். அந்த நாலு அடியில் அவனைத் தாண்டிவிடுவேன். அதற்கு மூன்று தடவை கன்னத்தில் அறை வாங்கினேன். மூன்றாவது தடவை ஐயாவிடம் கன்னத்தைக் காட்டினேன். அவர் வீக்கத்துக்கு ஈரத்துணி வைத்துவிட்டு, கொஞ்சம் முன்னாலேயே குதிக்கச் சொன்னார்.

எங்கள் தோட்டத்தில் வீரம்மா என்று ஒரு பால்வெட்டுக்காரி இருந்தார். புருஷனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள், மரவள்ளிக் கொல்லை, யாருக்கும் அடங்காத வாய். நான் சீட்டில் தொற்றிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம், "என்னா தம்பி, துரை குதிரையில தொங்கிக்கிட்டுக் கிளம்பிட்டியா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 

ஒரு நாள் காலை ஆஸ்பத்திரி ஆயா ஓடி வந்து, வீரம்மா முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வாந்தி எடுக்கிறாள் என்றாள். தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். அந்த வாய் அன்றைக்குப் பேசவில்லை. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். ஒரு வருடமாகவே இருந்திருக்கிறது, வரும், தானாக உள்ளே போய்விடும். ஆம்பிளைகள் இருக்கிற ஆஸ்பத்திரியில் எப்படிக் காட்டுவது என்று மறைத்துவிட்டார். இப்போது அது உள்ளே போகவில்லை.

ஐயா பார்த்த விதத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. கையைக் கழுவி, குளிர்ச்சி போகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். ஆயாவைப் பக்கத்தில் நிறுத்தி, போர்வையால் மூடி, தேவையான இடத்தை மட்டும் விலக்கினார். எப்போதிலிருந்து உள்ளே போகவில்லை, காற்றுப் பிரிந்ததா, வாந்தி என்ன நிறம் என்று மூன்றே கேள்வி. கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார், முட்டிக்கு அடியில் தலையணை வைத்து மடக்கினார், ஈரத்துணி போட்டார். காத்திருந்து, விரல் நுனியால் ஒரே ஒரு தடவை மெதுவாக அழுத்திப் பார்த்தார். போகவில்லை என்றதும் கையை எடுத்துவிட்டார். இரண்டாவது தடவை கை வைத்தால் உள்ளே கிழிந்துவிடும் என்று எனக்குச் சொன்னார்.

வெளியே வந்து, "குடல் மாட்டிக்கிச்சு. மத்தியானத்துக்குள்ள சிரம்பான்ல கத்தி வைக்கணும். இல்லன்னா அழுகிடும், அப்புறம் யாராலயும் முடியாது" என்றார்.

சிரம்பானுக்குப் பதினைந்து மைலுக்குக் குறையாது. தூளியில் தூக்கிக்கொண்டு போக நான்கு ஆள் வேண்டும், லயத்தில் இருந்ததோ பெண்களும் கிழவர்களும். மிச்சம் இருந்தது சைக்கிள்தான். ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் அந்த இடுக்கு நசுங்கும், காலைத் தொங்கவிட்டால் இழுக்கும். முட்டி மடங்கியே இருக்க வேண்டும். ஐயாதான் வழி சொன்னார். பின் கேரியரில் நீளமாக ஒரு பலகை கட்டி, அதில் இலவம்பஞ்சுத் தலையணை போட்டு, என் முதுகோடு வீரம்மாவின் முதுகு சாயும்படி பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து, இருவரையும் சேர்த்துக் கட்டிவிடுவது. நல்ல யோசனை. ஆனால் கட்டிய பிறகு நான் குதிக்க முடியாது. நிற்க வேண்டுமென்றால் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் ஊன்ற வேண்டும்.

சீட்டை இறக்க வேண்டும் என்றேன்.

 தள்ளிக்கொண்டே போகலாமே என்றார் ஐயா. தள்ளிக்கொண்டு போனால் சாயங்காலம் ஆகிவிடும் என்றேன். உள்ளே போய் வீரம்மாவின் நாடியைப் பார்த்தார். வெளியே வந்தார். அங்குல நாடாவை எடுத்துச் சீட்டை அளந்தார். மறுபடி உள்ளே போனார். அவர் கல்நெஞ்சுக்காரர் அல்ல. துரை சொல்லிவிட்டுப் போன பேச்சு அவருக்குள் அப்படி உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரம் போயிற்று. உள்ளே வீரம்மா ஓங்கரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரியவர்களிடம் நான் குரலை உயர்த்தியதே கிடையாது. அன்றைக்கு உயர்த்தினேன்.

"ஐயா, துரை வந்து கேட்டா சீட்டை ஏத்திக் குடுத்துக்கலாம். இந்த அக்காவை எங்கேருந்து குடுப்பீங்க?"

அவர் அலமாரியைத் திறந்து திருகுச் சாவியை எடுத்து நீட்டினார். மரையைத் தளர்த்தினேன். சீட்டுக் குழாய் அசையவில்லை. முறுக்கினேன், தட்டினேன், எண்ணெய் விட்டேன். இரண்டரை வருட மழையில், யாரும் தொடாத குழாய் துருப் பிடித்துச் சட்டத்தோடு ஒன்றாகியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐயா குனிந்து பார்த்தார். துருவை விரலால் தொட்டார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன்.

"இது கெட்டுப்போயிருக்கு" என்றார். "கெட்டதைச் சரி பண்ணலாம்."

ரப்பர் ஸ்டோரிலிருந்து இரும்பு அறுக்கும் வாளைக் கொண்டுவரச் சொன்னார். என் குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே இறக்கி, முட்டி மடங்காமல் கால் எட்டும் உயரத்தை நாடாவால் அளந்தார். அதற்கும் மூன்று அங்குலம் கீழே குறி போட்டார், கால் தரையில் நன்றாகப் பதிய வேண்டும் என்பதற்காக. நான் வாளை வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை. மூச்சு இரைக்க இரைக்க அவரே அறுத்தார். ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு விழுந்தது. மிச்சக் குழாயில் சீட்டை மாட்டினோம்.

வீரம்மாவை என் முதுகோடு சேர்த்துக் கட்டியதும் ஐயாதான். படுக்கை விரிப்பை நீளமாக மடித்து, ஒவ்வொரு சுற்றும் மூன்றில் இரண்டு பங்கு. நான் சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு காலும் தரையில் இருந்தன. அந்தச் சைக்கிளில் முதல் தடவையாகப் பெடலை முழுச் சுற்று மிதித்தேன். இடுப்பு ஆடவில்லை. நான் ஆடியிருந்தால் என் முதுகில் இருந்தவரும் சேர்ந்து ஆடியிருப்பார்.

மேடு வந்தால் காலை ஊன்றித் தள்ளினேன். பள்ளத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். சின்னக் கல்லுக்குக் கூட அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் என் பிடரிக்குப் பின்னால் கேட்டது. வழியில் ஒரு தடவை மட்டும், "பிள்ளைங்களுக்குக் கிழங்கு அவிச்சு வைக்கலை தம்பி" என்றார். ஆயா பார்த்துக்கொள்வாள் என்றேன்.

ரந்தாவ் காவலில் நிறுத்தினேன். சரியாக அவன் முன்னால், ஓடாமல், இரண்டு காலும் ஊன்றி நின்றேன். அடுத்து குனிய வேண்டும். நான் குனிந்தால் என் முதுகில் கட்டியிருப்பவர் மல்லாந்து மேலே போவார். குனியாவிட்டால் அறை, அல்லது அதற்கு மேல். தலையை மட்டும் தாழ்த்தினேன். அவன் கத்திக்கொண்டே பின்பக்கம் வந்தான். வீரம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஏதோ கடத்துகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, துப்பாக்கிக் கத்தியால் தலையணையைக் குத்திக் கிழித்தான். பஞ்சு பறந்தது. பிறகு போ என்று கையைக் காட்டினான். நான் பெடலைக் காலால் துழாவினேன், அகப்படவில்லை.

"பஞ்சைத்தான் குத்துனான். என்னை ஒண்ணும் பண்ணல. நீ மிதி" என்றார் வீரம்மா.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு சிரம்பான் சேர்ந்தோம். உடனே கத்தி வைத்தார்கள். குடலில் ஒரு துண்டு கறுத்திருந்ததால் அதை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தால் வெட்டாமலே முடிந்திருக்கும், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளே இல்லை என்றார். எனக்கு அந்த அரை மணி நேரம் ஞாபகம் வந்தது. வீரம்மா பிழைத்தார். ஒன்றரை மாதம் சிரம்பானிலேயே படுத்திருந்தார்.

ஐயா அதற்குப் பிறகு மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை புதிய உயரத்தை அளந்தார். அறுத்த குழாய்த் துண்டைக் கட்டுத் துணியில் சுற்றி, காகிதத்தில் விவரம் எழுதி ஒட்டி, விஷ மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். துரை வந்ததும் ஒப்படைக்க வேண்டுமாம்.

சண்டை முடிந்து துரை வந்தார். சிறைமுகாமில் பாதியாக இளைத்திருந்தார். ஐயா வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளை முன்னால் நிறுத்தி, மழைக்கோட்டையும் குழாய்த் துண்டையும் மேசை மேல் வைத்து, தன்னால் நேர்ந்த குற்றத்தைச் சொன்னார். ஊசி மருந்துக்காக வந்திருந்த வீரம்மாவும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். துரை துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு மறக்கவில்லை.

"எனக்கே இது ரொம்ப ஒசரம். கடையிலேருந்து வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. நான் ஏறவே இல்ல. இறக்கச் சொல்லணும்னு இருந்தேன், சண்டை வந்துடுச்சு."

 எனக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. கடைக்காரன் எவனோ அவசரத்தில் மாட்டிய உயரம். அதற்காக மூன்று அறை, இரண்டரை வருடப் புண், ஒரு துண்டுக் குடல்.

துரை போன பிறகு வீரம்மா உள்ளே வந்தார். சைக்கிளையும் ஐயாவையும் என்னையும் வரிசையாகப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா நீங்க ரெண்டு பேரும் யாருக்குப் பயந்தீங்க?"

ஐயா துண்டை எடுத்து மறுபடி துணியில் சுற்ற ஆரம்பித்தார். சுற்று சரியாக விழவில்லை, அவிழ்த்துச் சுற்றவும் இல்லை. அவரைச் சொல்லி என்ன பயன்? அலமாரியில் பூட்டியது ஒரே ஒரு திருகுச் சாவிதான். லிங்கியில் சாவி வைத்திருந்த சீனன் பட்டறை ஒன்று இருந்தது. துருப் பிடிப்பதற்கு முன்னால் எந்த நாளும் நான் போய் இறக்கியிருக்கலாம். சனிக்கிழமை திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். அதைக்கூடச் செய்யாமல் ஐயாவைத் திட்டிக்கொண்டே அந்தச் சீட்டில் தொங்கினவன் நான்.

வாத்தியார் தம்பி, செலவில்லாத வழி கேட்டீர்கள். இன்றைக்குச் சாயங்காலமே குதிகாலைப் பெடலில் வைத்துப் பாருங்கள். எட்டவில்லை என்றால் சீட்டை இறக்குங்கள். யாரையும் கேட்காதீர்கள்.